சுவிட்சை அழுத்திவிட்டுப் பேசவும்

ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் பக்கத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிறவர்களுக்கு ஆவடி என்பது ஓர் அறிவிப்பு. தூங்கிக்கொண்டிருப்பவர்கள் எழுந்து, மேலே வைத்த பையை இறக்கி, செருப்பைத் தேடும் இடம். ஜன்னலோரத்துச் சின்னப் பையன்களுக்கு மட்டும் அங்கே வேறொரு வேலை உண்டு. எங்காவது ஒரு டாங்கி தெரிகிறதா என்று பார்ப்பது. 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. 1965 முடிகிற நேரத்தில் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்ததும் அங்கிருந்துதான். தார்பாய் போட்டு மூடிய டாங்கி ஒன்று வேகனில் நிற்பது கண்ணில் பட்டுவிட்டால் அன்றைய பயணம் சுபம்.

டாங்கியைப் பார்க்கிற எவரும் முதலில் பார்ப்பது பீரங்கிக் குழாயைத்தான். அடுத்து சங்கிலிச் சக்கரம். அதற்கடுத்து, "எத்தனை டன் இருக்கும்?" என்ற கேள்வி. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற விஜயந்தாக்களை நாட்டில் பல ஊர்களில் மேடை கட்டி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களும் குழாயைத் தொட்டபடிதான் நிற்கிறார்கள். மேலே ஈர்க்குச்சி மாதிரி ஆன்டெனா நின்றிருந்த இடத்தை ஒருவரும் தேடுவதில்லை. அந்த ஈர்க்குச்சியின் கீழ்முனை போய்ச் சேரும் பெட்டிதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

விஜயந்தாவுக்குள் நான்கு பேர். கமாண்டர், கன்னர், டிரைவர், லோடர். நான்காமவருக்கு இரட்டை வேலை. ஒரு கையால் குண்டை எடுத்துப் பீரங்கியில் திணிக்க வேண்டும். மறு கை ரேடியோவுக்கு. ராணுவ ஏட்டில் அவர் பெயர் லோடர்-ஆபரேட்டர். வெயில் காலத்தில் இரும்புச் சுவருக்குள், வெடிமருந்துப் புகையில், எஞ்சின் இரைச்சலில், தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ தூரத்தில் கரகரக்கிற குரலில் சொல்வதைத் தப்பில்லாமல் கேட்டு கமாண்டருக்குச் சொல்கிற வேலை. இதற்குப் பெரிய பதக்கம் கிடைத்ததாகக் கதைகள் குறைவு.

வேலூர் வட்டாரத்தில் முன்னாள் ராணுவத்தினருக்குப் பஞ்சமில்லை. வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர், வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் என்று பேர் வாங்கிய ஊர். இப்படிப்பட்ட ஊர்களில் லீவில் வருகிறவர்களைச் சுற்றி ஒரு கூட்டம் உட்காரும். "எல்லையில் இருந்தேன்" என்பவருக்கு மரியாதை அதிகம். "சிக்னல்ஸ்ல இருந்தேன்" என்று ஒருவர் சொன்னால், "அப்ப துப்பாக்கி பிடிச்சதில்லையா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சு வேறு பக்கம் போய்விடும். கேட்கத் தெரியாத கேள்வி அது.

இந்தப் பகுதிக்குப் போர் என்றால் நெடுங்காலமாகத் தோல். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளின் பூட்ஸ் மேல்தோலுக்காக மெட்ராஸ் மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத்தோலை அரசாங்கமே மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றியது. பூட்ஸ், பெல்ட், சேணம் எல்லாம் லெட்ஜரில் ஏறும் சரக்கு. இத்தனை ஜோடி, இவ்வளவு ரூபாய் என்று பக்கம் பக்கமாகக் கணக்கு இருக்கும். ஒரு டாங்கிக்குள் இருந்து இன்னொரு டாங்கிக்குப் போன நாலு வார்த்தைக்கு எந்த லெட்ஜரில் என்ட்ரி போடுவது?

போட முடியாது என்பதால்தான் பல நாடுகள் அதை மதிக்காமல் விட்டன.

1940 மே மாதம் ஜெர்மனி மேற்கே பாய்ந்தபோது பிரான்சிடம் டாங்கிகள் போதவில்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. எண்ணிக்கையில் பிரான்ஸ் சளைத்ததே அல்ல. பல பிரெஞ்சு டாங்கிகளின் கவசம் ஜெர்மன் டாங்கிகளுடையதை விடத் தடிமன். ஆனால் ரெனோ ஆர்-35 போன்ற டாங்கிகளில் பெரும்பாலானவற்றில் ரேடியோவே கிடையாது. கொடி அசைத்துத்தான் சைகை. சுடுகிற சத்தத்திலும் தூசியிலும் மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டி, கொடி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். தலையை நீட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எதிர்ப்பக்கம் டாங்கிப் படையை வளர்த்த குடேரியன் முதல் உலகப் போரில் வயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்தவர். குதிரைப் படையோடு வயர்லெஸ் செட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்து, செய்தி நேரத்துக்குப் போய்ச் சேராததால் என்னென்ன கெடும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர். ஆகவே தன் டாங்கிகளில் ரேடியோ வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். பேசவும் கேட்கவும் முடிகிற செட் எல்லாவற்றிலும் இல்லாவிட்டாலும், கேட்க மட்டுமாவது ஒரு செட். பின்னாட்களில் அந்த டாங்கிகளில் சாதாரணமாக இருந்த டிரான்ஸ்மிட்டரின் சக்தி வெறும் 10 வாட். வீட்டில் எரிகிற சின்ன எல்.இ.டி. பல்பு அளவு! அந்தப் பத்து வாட்டில்தான் இருபது டாங்கிகள் ஒரே ஆளின் பேச்சுக்கு ஒரே நேரத்தில் திரும்பின.

அடுத்த ஆண்டு சோவியத் யூனியனுக்கும் அதே அடி. அங்கே டி-34 மாதிரி அருமையான டாங்கி இருந்தது. ரேடியோ உற்பத்திதான் போதவில்லை. கமாண்டரின் டாங்கியில் மட்டும் செட், மற்றவர்களுக்குக் கொடி. எதிரிக்கு இதனால் ஒரு வசதியும் கிடைத்தது. எந்த டாங்கியில் ஆன்டெனா இருக்கிறதோ அதை முதலில் அடித்தால் போதும், மீதியெல்லாம் தலையில்லாத முண்டம். ஒரு டாங்கியின் மொத்தச் செலவில் ரேடியோவின் பங்கு மிகச் சிறியது. பங்கு சிறியது என்பதால் பயனும் சிறியது என்று நினைத்துவிடுவது, காஸ்ட் ஷீட் போடப் பழகும் முதல் வருடத்தில் எல்லோரும் செய்கிற தப்பு. அதையே ஒரு நாடு செய்தால் மார்க் குறைவதோடு நிற்காது.

பிரிட்டிஷ் தரப்பில் இந்தக் குறையைத் தீர்த்தது 'வயர்லெஸ் செட் நம்பர் 19'. கேம்பிரிட்ஜின் பை நிறுவனத்துக்கு இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு. 1940-களின் தொடக்கத்தில் வந்தது. இந்தியப் படைகளின் டாங்கிகளிலும் கவச வண்டிகளிலும் இருந்தது. போருக்குப் பிறகும் பல வருடம் ஓடியது. ரேடியோ வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் இன்றைக்கும் இதைத் தேடிப்பிடித்து வீட்டில் வைத்துக் கொஞ்சுகிறார்கள். கொஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது.

வெளியே ஒரே பெட்டி. உள்ளே மூன்று. முதலாவது 'ஏ' செட். 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை, பல மைல் தூரம் எட்டும். ரெஜிமெண்ட் முழுவதோடும் பேச இது. பேசவும் முடியும், மோர்ஸ் தட்டவும் முடியும். இரண்டாவது 'பி' செட். 230 மெகாஹெர்ட்ஸ் பக்கம். ஒரு மைல் தாண்டினாலே அதிகம். பக்கத்து டாங்கிகளோடு மட்டும் பேச இது. தூரம் போகாதது குறையல்ல, வேண்டுமென்றே செய்தது. பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்வது பத்து மைலுக்கு அப்பால் உள்ள எதிரிக்குக் கேட்க வேண்டாமே. மூன்றாவது இன்டர்காம். கமாண்டர் டிரைவரிடம் "இடது பக்கம் திருப்பு" என்று சொல்ல. முழங்கையால் முழங்கை இடிக்கிற இடத்தில் இருக்கிறவர்களுக்கு ஒருவரோடு ஒருவர் பேச மைக் வேண்டியிருந்தது என்றால் உள்ளே இரைச்சல் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த மூன்றுக்கும் நடுவே மாற்ற ஒரு சின்ன சுவிட்ச். வினையெல்லாம் அங்கேதான் ஆரம்பம். இன்டர்காம் என்று நினைத்துக்கொண்டு சுவிட்சை 'ஏ'யிலேயே விட்டுவிட்டு டிரைவரின் குடும்பத்தையே திட்டித் தீர்த்த கமாண்டர்கள் கணக்கில்லாமல் இருந்தார்கள். ரெஜிமெண்ட் முழுக்க அதைக் கேட்டது. கர்னலும் கேட்டார். அதைவிட மோசம், மைக்கில் உள்ள பொத்தான் உள்ளே சிக்கி மாட்டிக்கொள்வது. ஒரு ஆள் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரை அந்த அலைவரிசையில் மற்ற யாரும் பேச முடியாது. ஒரு வண்டியில் பொத்தான் சிக்கினால் அத்தனை டாங்கிக்கும் வாய் கட்டிவிடும். பேசி முடித்ததும் "ஓவர்" என்பது சினிமாவில் ஸ்டைல். அங்கே அது, "என் விரலை எடுத்துவிட்டேன், இனி நீ பேசலாம்" என்ற அனுமதி.

'நெட்' போடுவது தனிக் கலை. தலைமை நிலையம் ஒரு சிக்னலை விடும். மற்ற எல்லா வண்டியிலும் ஆபரேட்டர்கள் தங்கள் டயலைத் திருப்பித் திருப்பி, காதில் கேட்கும் விசில் சத்தம் மெல்ல இறங்கி அப்படியே அடங்குகிற புள்ளியில் நிறுத்திப் பூட்டுவார்கள். ஒரு நூல் தள்ளிப் போனால் அந்த டாங்கி அன்றைக்கு அநாதை. இதைச் செய்தவர்களில் பலர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர்கள். எலக்ட்ரானிக்ஸ் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலம்.

மின்சாரம் இன்னொரு தலைவலி. வால்வுகளுக்குச் சில நூறு வோல்ட் வேண்டும். வண்டி பேட்டரி தருவதோ 12 வோல்ட். ஆகவே பேட்டரியால் ஒரு சின்ன மோட்டாரைச் சுற்றி, அது சுற்றுகிற வேகத்தில் பெரிய வோல்டேஜை எடுப்பார்கள். நின்றுகொண்டிருக்கிற டாங்கியில் ரேடியோவை மட்டும் ஓட்டினால் பேட்டரி இறங்கிவிடும். எஞ்சினை ஓட்டிச் சார்ஜ் ஏற்றினால் சத்தம் எதிரிக்குப் போகும். ராத்திரி முழுக்க இந்தக் கணக்கோடு உட்கார்ந்திருக்க வேண்டியது அதே லோடர்-ஆபரேட்டர்தான்.

எஞ்சின் இன்னொரு விதத்திலும் எதிரி. பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறை பொறி தட்டும்போதும் ஒரு ரேடியோ அலை கிளம்புகிறது. மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டிச் சிக்னல் அனுப்பியதே இப்படிப் பொறி தட்டித்தானே! ஆக ஓடுகிற ஒவ்வொரு வண்டியும் தன் ரேடியோவின் காதிலேயே கத்திக்கொண்டிருக்கும். வயர்களுக்கெல்லாம் உலோக உறை போட்டு இதைக் குறைத்தார்கள். அமெரிக்கர்கள் வேறு வழி பிடித்தார்கள். அலையின் உயரத்தில் குரலை ஏற்றாமல், அதிர்வெண்ணில் ஏற்றுவது. அதாவது இன்றைக்கு நம் ஊர் ஆட்டோவில் பாட்டுக் கேட்கிற எஃப்.எம். பொறித் தொல்லை பெரும்பாலும் அலையின் உயரத்தைத்தான் கெடுக்கும் என்பதால் எஃப்.எம்.மில் குரல் தெளிவாக வரும். ஷெர்மன் டாங்கிகளில் அமெரிக்கர்கள் வைத்தது எஃப்.எம். செட்தான். பட்டனை அழுத்தினால் சேனல் மாறும். டயலைத் திருகி விசில் கேட்கிற வேலை இல்லை.

எஃப்.எம்.மைக் கண்டுபிடித்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங், போர் முடிகிறவரை ராணுவ செட்டுகளுக்குத் தன் காப்புரிமைக்கான ராயல்டி வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார். போருக்குப் பிறகு தனியார் கம்பெனிகளோடு அதே காப்புரிமைக்காக வருடக்கணக்கில் வழக்கு நடத்திக் கையிருப்பெல்லாம் கரைந்து 1954-ல் தற்கொலை செய்துகொண்டார். பிசினஸ் லா பாடத்தில் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவுகளை மனப்பாடம் செய்கிறவர்களுக்கு இந்த ஆளின் கதையையும் ஒரு பக்கம் சேர்த்துத் தரலாம்.

19 நம்பர் செட்டில் இன்னொரு வேடிக்கை. கனடாவில் தயாரானவற்றில் பல, முன்பக்கப் பலகையில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்தும் அச்சிட்டு வந்தன. கொடி அசைத்து அடிவாங்கிய சோவியத் படைக்கு நேச நாடுகள் அனுப்பிய உதவி அது. பாடம் புரிந்துவிட்டது என்பதற்கு அந்த இரட்டை எழுத்தே சாட்சி.

இந்தியா சுதந்திரம் பெற்றபோது ராணுவத்துக்கு ரேடியோ செய்துதர உள்நாட்டில் ஆள் இல்லை. பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போனதை வைத்து ஓட்டினார்கள். 1954-ல் பெங்களூர் ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தொடங்கியது. அதன் பிறகு மெல்ல மெல்ல நம் ஊர் செட்டுகள் வண்டிகளில் ஏறின. இங்கே சொல்ல வேண்டியது 1971-ல் நடந்த ஒரு சம்பவம்.

டிசம்பர் 16, 1971. கிழக்கே டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைகிற அதே நாள். மேற்கே ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்து நின்ற இந்தியப் படையின் மேல் பாகிஸ்தான் டாங்கிகள் எதிர்த்தாக்குதல் நடத்தின. உதவி வேண்டும் என்று ரேடியோவில் அழைப்பு வந்தது. பூனா ஹார்ஸ் ரெஜிமெண்டின் செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் தன் செஞ்சூரியன் டாங்கியோடு போனார். வயது 21. ஆறு மாதம் முன்னால்தான் அதிகாரியானவர். பி.காம். கடைசி வருடத்தில் உட்கார்ந்திருக்கிற வயது.

சண்டையில் அவருடைய டாங்கி அடிபட்டுத் தீப்பிடித்தது. டாங்கியை விட்டு வெளியே வா என்று மேலதிகாரி ரேடியோவில் உத்தரவிட்டார். பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, விட்டுவிட்டு வர மாட்டேன் என்று பதில் சொன்னார். சொல்லிவிட்டு ரேடியோவை அணைத்துவிட்டார். தொடர்ந்து சுட்டார். அடுத்த அடியில் உயிர் போயிற்று. பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் பீரங்கியில் போய் நிற்கிறார்கள். உற்றுப் பார்த்தால் இது ஒரு சுவிட்சின் கதை. அந்தப் பெட்டி இல்லாமல் அவர் அந்த இடத்துக்கே வந்திருக்க முடியாது. அழைப்பு வந்ததே அதில்தான். பின்வாங்கு என்ற உத்தரவும் அதே பெட்டியில் வந்தது. கேட்காத மாதிரி இருக்க அவருக்கு வழி இருந்தது. கோளாறு என்று சொல்லியிருக்கலாம், டாங்கியே எரியும்போது யார் கேட்கப்போகிறார்கள்? பதில் சொல்லிவிட்டுத்தான் அணைத்தார். அதே டாங்கியில் அந்த ரேடியோவைக் கவனித்துக்கொண்டிருந்த சவார் நந்த் சிங்கும் உயிரிழந்தார். அவர் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

பேச முடிகிறது என்பதன் இன்னொரு பக்கம், பிறர் கேட்க முடிகிறது என்பது. கம்பி வழியாகப் போகிற பேச்சைக் கேட்கக் கம்பியைத் தொட வேண்டும். காற்றில் போவதற்கு ஒரு ரிசீவர் போதும். வட ஆப்பிரிக்காவில் ரோமலின் வெற்றிகளில் அவருடைய சாமர்த்தியத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு 621-ஆம் எண் ஒட்டுக்கேட்புக் கம்பெனிக்கும் இருந்தது. தலைவர் ஆல்ஃபிரட் ஸீபோம். பிரிட்டிஷ் டாங்கிக்காரர்கள் அவசரத்திலும் அலட்சியத்திலும் வெளிப்படையாகப் பேசியதையெல்லாம் அவருடைய ஆட்கள் எழுதி எடுத்தார்கள். 1942 ஜூலையில் அலமேன் அருகே ஆஸ்திரேலியப் படையினர் அந்தக் கம்பெனியைச் சுற்றி வளைத்தார்கள். அங்கே கிடைத்த காகிதங்களைப் படித்தபோதுதான், தங்கள் ஆட்களின் வாய் எவ்வளவு நீளம் என்று பிரிட்டிஷ் தரப்புக்கு உறைத்தது.

இது நடந்தது எங்கோ பாலைவனத்தில். நமக்குப் பக்கத்திலும் நடந்தது.

1986 நவம்பரில் தமிழ்நாட்டுப் போலீஸ் ஈழ இயக்கங்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிமுதல் செய்தது. பெங்களூரில் சார்க் மாநாடு நடந்த மாதம் அது. விடுதலைப் புலிகளின் வயர்லெஸ் கருவிகளும் போயின. பிரபாகரன் சென்னையில் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். கோரிக்கை, தொலைத்தொடர்புக் கருவிகளைத் திருப்பிக் கொடு என்பது. கருவிகள் திரும்பக் கொடுக்கப்பட்டன. அந்த இயக்கத்தைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், ஒரு கெரில்லாப் படையின் தலைவர் பட்டினி கிடந்தது துப்பாக்கிக்காக அல்ல, வயர்லெஸ்ஸுக்காக என்பது கவனிக்க வேண்டிய விஷயம். அன்றைக்குச் செய்தித்தாளில் அதைப் படித்தவர்களில் எத்தனை பேர் அதன் அர்த்தத்தைப் புரிந்துகொண்டார்களோ.

சரியாக ஒரு வருடம்கூட ஆகவில்லை. இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் புலிகளோடு போரில் இறங்கிவிட்டது. 1987 அக்டோபர் 11 பின்னிரவில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கி, பக்கத்தில் கொக்குவில் பகுதியில் இருக்கும் புலித் தலைமையைப் பிடிப்பது என்று திட்டம். எதிர்பாராத தாக்குதல் என்பதுதான் அதன் முழுப் பலமே. ஆனால் இந்தியப் படையின் ரேடியோ பேச்சைப் புலிகள் ஒட்டுக்கேட்டு, வருவது தெரிந்து, மைதானத்தைச் சுற்றிக் காத்திருந்தார்கள் என்று பின்னர் வந்த பல பதிவுகள் சொல்கின்றன. 10-வது பாரா கமாண்டோக்கள் நூறு பேர் அளவுக்கு இறங்கினார்கள். 13-வது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியிலிருந்து ஒரு பிளாட்டூன், முப்பது பேர், இறங்கியது. சுடுதல் கடுமையானதால் அதற்கு மேல் ஹெலிகாப்டர்களால் வர முடியவில்லை. மைதானத்தில் நின்ற பிளாட்டூனின் ரேடியோ தொடர்பு சீக்கிரமே அறுந்தது. உதவி கேட்க வழியில்லை, பின்வாங்கு என்று சொல்லவும் வழியில்லை. முப்பது பேரில் ஒருவர் சிறைப்பட்டார். மீதி இருபத்தொன்பது பேரும் இறந்தார்கள்.

அதாவது, ஒரே இரவில் அந்தப் பெட்டி இரண்டு விதமாகவும் கொன்றது. முதலில், கேட்கக் கூடாதவருக்குக் கேட்டு. பிறகு, கேட்க வேண்டியவருக்குக் கேட்காமல்.

கமாண்டோக்களை மீட்க டி-72 டாங்கிகள் போயின. சாலைகளில் கண்ணிவெடி இருக்கும் என்பதால் மேஜர் அனில் கௌல் அவற்றை ரயில் பாதை வழியாகவே ஓட்டிக்கொண்டு போனார். டி-72-ல் குண்டை இயந்திரமே ஏற்றிக்கொள்ளும். எனவே லோடர் கிடையாது, உள்ளே மூன்றே பேர். லோடர் இல்லாததால் ரேடியோ கமாண்டரின் தலையில். வழி பார்ப்பது, இலக்கு தேடுவது, உத்தரவு போடுவது, ரேடியோவைக் கவனிப்பது எல்லாம் ஒரே ஆள். அந்தச் சண்டையில் கௌல் படுகாயமடைந்து ஒரு கண்ணை இழந்தார். கமாண்டோக்களில் ஆறு பேர் தவிர மற்றவர்கள் மீண்டார்கள். கொக்குவிலில் அப்போது பொதுமக்கள் பலர் தங்கள் வீடுகளிலேயே கொல்லப்பட்டார்கள். அவர்கள் கையில் எந்த செட்டும் இல்லை. இந்தியத் தரப்புக் கதைகளில் இந்தக் கடைசி விஷயம் பெரும்பாலும் விட்டுப்போகிறது. அங்கிருந்து அகதிகளாக வந்தவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது அதைத்தான்.

ஏன் குறிமொழியில் பேசவில்லை என்று இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு கேட்பது சுலபம். இரண்டாம் உலகப் போரிலேயே பிரிட்டிஷ்காரர்களிடம் ஸ்லைடெக்ஸ் என்ற கட்டம் போட்ட அட்டை இருந்தது. வார்த்தைக்குப் பதில் இரண்டு எழுத்து. அனுப்புகிறவர் அட்டையைப் பார்த்து மாற்ற வேண்டும், கேட்கிறவர் அட்டையைப் பார்த்துத் திருப்ப வேண்டும். திட்டம் போடுகிறபோது இது முடியும். அடி விழுகிறபோது? "வலது பக்கம் டாங்கி!" என்று சொல்ல அட்டையைத் தேடுகிறவன் அதைச் சொல்லி முடிக்க மாட்டான். வேகம் வேண்டுமா ரகசியம் வேண்டுமா என்ற கேள்வியில் உயிருக்குப் பயந்தவன் வேகத்தைத்தான் எடுப்பான். யாரும் எடுப்பார்கள்.

அதற்குப் பிறகு வந்த செட்டுகள் இந்த வேலையை ஆளிடமிருந்து பிடுங்கித் தாங்களே செய்கின்றன. ஒரே அலைவரிசையில் நிற்காமல், விநாடிக்கு நூறு தடவைக்கும் மேல் தாவிக்கொண்டே இருக்கும் செட்டுகள் 1980-களிலிருந்தே வரத் தொடங்கிவிட்டன. எந்த வரிசையில் தாவுவது என்ற சாவி இருபக்கமும் இருக்கும். சாவி இல்லாதவன் கேட்டால் காதில் விழுவது வெறும் துணுக்குகள். இருந்தும் பிரச்சினை தீரவில்லை. 2022-ல் உக்ரைனுக்குள் போன ரஷ்யப் படையினர் பலர் பூட்டில்லாத சாதாரண வாக்கி-டாக்கியில் பேசி, ஊரே கேட்டது. என்ன பேசினார்கள் என்று புரியாவிட்டாலும், எங்கிருந்து பேசினார்கள் என்பதைத் திசைகாட்டும் கருவிகள் கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிறகு அந்த இடத்துக்குக் குண்டு வந்து சேர அதிக நேரம் ஆகாது.

ஆகவே இன்றைக்கும் தாக்குதலுக்கு முன்னால் வருகிற முதல் உத்தரவு பேசாதே என்பதுதான். ரேடியோ மௌனம். செட் ஓடிக்கொண்டிருக்கும், ஹெட்போன் காதில் இருக்கும், பொத்தானைத் தொடக் கூடாது. ஆவடியில் தயாராகும் அர்ஜுன் டாங்கியில் இன்னும் நான்கு பேர். லோடர் இருக்கிறார். மௌன நேரத்தில் திணிக்கக் குண்டும் இல்லை, பேச அனுமதியும் இல்லை. இருட்டில் உட்கார்ந்து, காதில் விழும் இரைச்சலுக்குள்ளே தன் வண்டியின் பெயரை யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். லீவில் ஊருக்கு வந்தால், "துப்பாக்கி பிடிச்சதில்லையா?" என்பார்கள்.